தரையோடு ஒரு திறப்பு

“புகைக்கூண்டுதான் இருக்குல்லா, பிறகென்ன?” என்று எரிந்து விழுந்தான் காசிலிங்கம். தெருவுக்கே முதல் காஸ் அடுப்பு. காலையிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“புகை மேல போவும் அண்ணாச்சி. காஸ் கசிஞ்சா கனத்துல தரையிலயே கிடக்கும். வெளிச்சுவர்ல, தரையோட ஒரு திறப்பு வேணும். இல்லைன்னா சிலிண்டரை மாட்ட மாட்டேன்” என்றார் காஸ் கம்பெனிக்காரர்.

சமையலறைக்கு வெளிச்சுவர் ஒன்றுதான். அதற்கு அந்தப் பக்கம் தம்பி செந்தூர்பாண்டியின் முற்றம். பாகம் பிரித்தபோது காசிலிங்கமே எழுப்பிய சுவர் அது. அன்றிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சு கிடையாது.

“அவன் வீட்டுப் பக்கமா? சிலிண்டரைத் தூக்கிட்டுப் போம்.”

“ஒரு வருசமா உங்ககிட்ட கெஞ்சி இப்பத்தான் வந்திருக்கு” என்று கண்ணைக் கசக்கினாள் மனைவி வடிவம்மாள்.

சுவரில் தரையோடு ஒரு சாண் திறப்பு உடைந்தது.

மறுநாள் துறைமுக ரோட்டுக் கடையில் அவனுக்கு வியாபாரமே ஓடவில்லை. காஸ் கசிகிறதோ, தம்பி எட்டிப் பார்க்கிறானோ என்று மத்தியானமே வீட்டுக்கு ஓடிவந்தான்.

சமையலறையில் விறகடுப்பு புகைந்துகொண்டிருந்தது. காஸ் அடுப்பு, போர்த்திய துணியோடு அப்படியே இருந்தது.

“ஏளா, இதை ஏன் பத்த வைக்கல?”

“எனக்குப் பயமா இருக்கு.”

“பயப்படுதவ எதுக்கு காஸ் காஸ்னு என் உசிரை வாங்குன?”

அவள் பதில் சொல்வதற்குள், தரையோடு இருந்த திறப்பில் ஒரு வளையல் கை சாளைமீன் குழம்புக் கிண்ணத்தை உள்ளே நகர்த்தியது.

“அக்கா, உப்பு சரியா இருக்கான்னு பாரு.”

தம்பி கட்டியிருந்தது வடிவம்மாளின் கூடப்பிறந்த தங்கையை. சுவர் எழுப்பிய அன்று காசிலிங்கம் அதை யோசித்திருக்கவில்லை.