வெனிலாக் காய் போன வழி

"கொடியில இருந்த வெனிலாக் காய் அத்தனையும் உன் அம்மா வீட்டுக்குத்தானே போச்சு?" மார்கிரட் மருமகளைப் பார்த்துக் கத்தினாள்.

"நான் கொடியைத் தொடவே இல்ல மாமி," என்றாள் ஷியாமளா.

"வாயைப் பாரு! பல்லேபொலயில வேற எந்தத் தோட்டத்திலயும் இல்லாத பழைய சாதி. ஒண்ணுகூட மிச்சமில்ல. இப்பவே உன் வீட்டுக்குக் கெளம்பு!"

கலேவெலயிலிருந்து வந்து தங்கியிருந்த மகள் பிரின்ஸி சிரித்தாள். "போகட்டும்மா. தம்பி வந்தா நான் பேசிக்கிறேன். திருட்டுக் கையை வீட்டுல வச்சுக்க முடியுமா?"

ஷியாமளாவின் கண்கள் கலங்கின. கணவன் வேலை முடிந்து வருவதற்குள் அவளை அனுப்பிவிடத் துடித்தார்கள்.

"ஈஸ்டர் கேக்குக்கு இனி எதைப் போடுவேன்?" மார்கிரட் புலம்பினாள்.

"எசன்ஸ் ஊத்துங்க," என்றாள் பிரின்ஸி. "இந்த வருஷக் காய் சுத்த மோசம்மா. புடிங்குக்குப் பால்ல எவ்வளவு கொதிக்க வச்சாலும் வாசமே இல்ல."

மார்கிரட் சட்டென்று மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

ஷியாமளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பச்சைக் காய் மணக்குமா அண்ணி? பறிச்சு, சுடுதண்ணியில முக்கி, மாசக்கணக்கா வெயில் காட்டினாத்தான் வாசம் வரும். மாமியும் நானும் காய வைக்கிற வரைக்கும் பொறுத்திருந்து திருடியிருக்கலாமே!"