வீட்டு அனுமதி

மூன்று வார சைக்கிள் பந்தயத்தில் கடைசி வாரம். இதயத்துடிப்பு எல்லையைத் தொட்ட வீரன் அதற்குமேல் வேகமெடுக்க வேண்டுமானால், வீட்டில் அனுமதி தரவேண்டும் என்பது விதி. பொன்னரசுக்கு அதைத் தரவேண்டியவள் பொள்ளாச்சியில் இருந்த மனைவி சுகுணா.

ஒவ்வொரு மலையடிவாரத்திலும் அவன் ரகசியமாக அவளைக் கூப்பிட்டு, "வேண்டாம்னு சொல்லிரு" என்பான். அவளும் மறுப்பாள். மாலையில் பேட்டி கொடுப்பான்: "நான் ஜெயிச்சிருப்பேனுங்க. வீட்லதான் விடமாட்டேங்கறாங்க." மளிகைக் கடைக்காரர்கூட இப்போது அவளிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை.

கொடைக்கானல் மலையடியிலிருந்தும் அழைப்பு வந்தது.

"சுகுணா, காலு ரெண்டும் செத்துப்போச்சு. எப்பவும் போல சொல்லிரு."

"அனுமதி குடுத்துட்டேனுங்க" என்றாள். "இனி உங்க சாமர்த்தியம்."

டிவியில் அவன் சைக்கிளில் பச்சை விளக்கு எரிந்தது. சக வீரர்கள் முதுகில் தட்டி வழிவிட்டார்கள். பொன்னரசு நாலு மிதி மிதித்தான். பிறகு சைக்கிளை ஓரங்கட்டி இறங்கி, கேமராவைப் பார்த்துக் கையை விரித்து, ஒரு குறையும் இல்லாத சங்கிலியைக் காட்டினான்.

சுகுணாவுக்கு அந்தச் சங்கிலியைப் பார்க்கவே பாவமாக இருந்தது.