நத்தையின் குயிக் வாக்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புச் சுவரில் குடியிருந்த நத்தை, எதைச் செய்தாலும் முதலில் இங்கிலீஷில் அறிவித்துவிடும்.

அன்று காலை, "ஒரு குயிக் வாக் போயிட்டு வரேன்" என்று தவளையிடம் சொல்லிவிட்டு ரோட்டில் இறங்கியது. மத்தியானம் ஆகியும் பாதி ரோடுதான் தாண்டியிருந்தது. எதிரே ரோடு ரோலர் உருண்டு வந்தது.

"ஓடு மச்சான்!" என்று ரோட்டோரத்திலிருந்து தவளை அலறியது.

"பதறாதடா. முதல்ல ஒரு குயிக் லுக். அப்புறம் ஒரு ஸ்விஃப்ட் டர்ன். கடைசியா ஒரு ரேபிட்... ரேபிட்டுக்குப் பின்னாடி என்னடா வரும்?"

தவளை ஒரே தாவலாகத் தாவி, விட்டது ஓர் உதை. நத்தை ஆகாயத்தில் பறந்தது. பிறந்ததிலிருந்து இவ்வளவு வேகமாக அது எங்கேயும் போனதில்லை. ஆசை ஆசையாக அதை அறிவிக்க வாயைத் திறந்தது.

"அய்யோ அம்மா!" என்றுதான் வந்தது.