எதிர்த்தரப்பு

"இவளுக்கெல்லாம் ரேடியோவுல எடம் குடுத்தா, அப்பால நண்டுகூட மைக்கு கேக்கும் மேடம்!"

லைட்ஹவுஸ் குப்பத்தில், ஏரிப் பக்கக் கரையில், கரையேற்றி நிறுத்தியிருந்த ஃபைபர் படகின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு வரதன் போட்ட சத்தத்தில், ஜீப்பில் ஏறப்போன பிரின்சி திரும்பிப் பார்த்தாள்.

அவள் அரசு வானொலிக்காரி. ஏரி மக்கள் பற்றிய வெள்ளிக்கிழமை விவாதத்துக்கு ஆள் தேடி வந்திருந்தாள். வலை முதலாளி, ஐஸ் வியாபாரி, சங்கத் தலைவர் என்று எல்லாரையும் பிடித்தாயிற்று. ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற ராஜம்மா, "எங்க ஆளுங்கள்ல ஒருத்தரையாவது கூப்புடும்மா" என்று கெஞ்சியதற்கு, "அடுத்த முறை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

ராஜம்மா வரதன் மேல் பாய்ந்தாள். "யோவ் பெர்சு! இன்னா சொன்ன?"

"இன்னா தப்பா சொல்ட்டேன்? பொழுதுக்கும் பறியப் பல்லால கடிச்சிக்கினு தண்ணியில கெடக்கறவளுக்குப் பேச வாய் ஏது?"

இடுப்பில் செருகியிருந்த ஓலைக்கூடைப் பறியை உருவி அவர் மூக்குக்கு நேராக ஆட்டினாள் ராஜம்மா.

"ரெண்டு கையும் சேத்துல தடவுது. புடிச்ச எறாவ எங்க போடுறது, உன் தலையிலயா? வாய் இருக்கறதாலதான்யா கடிக்கிறோம்!"

"மெட்ராசுக்குப் போயி இன்னா பேசுவ?"

"கடலுக்குப் போவாதன்னு ரேடியோவுல தெனம் சொல்றாங்க. ஆத்துத் தண்ணி தெறந்து ஏரியில இழுப்பு ஏறுனா, கழுத்தளவுல நிக்கிற எங்களுக்கு யாரு சொல்றது? அதப் பேசுவேன். கெளுத்தி முள்ளு வெரல்ல ஏறுனா எப்பிடி இருக்கும்னு உனக்குத் தெரியுமாய்யா?"

வரதன் கைகளைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "ஏரியில நீங்க எத்தினி பேரு? கூட்டமா கீறவனுக்கே நேரம் பத்தலயாம்!"

"கொஞ்ச பேருன்னா எங்க உசுரும் கொஞ்சமா?"

கரையே கூடிவிட்டது. யாரோ விசிலடித்தார்கள். பக்கத்தில் வலைக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்த தினகரன் மட்டும் தலையைத் தூக்கவில்லை. அவன் தோள் குலுங்கியது.

பிரின்சியின் கையில் ரெக்கார்டர் ஏறியிருந்தது. "இதுதான்! இதுதான் எனக்கு வேணும்! அந்த மூணு பேரும் ஒருத்தரையொருத்தர் பாராட்டியே நேரத்தைத் தீர்த்துடுவாங்க. ராஜம்மாக்கா, வெள்ளிக்கிழமை நீங்க வர்றீங்க!"

"நான் ஒத்துக்க மாட்டேன்!" வரதன் படகிலிருந்து குதித்தார்.

"ஒத்துக்க வேண்டாம் ஐயா. எதிர்த்தரப்புல நீங்களே வந்து உட்காருங்க. முழு நிகழ்ச்சியும் உங்க ரெண்டு பேருக்குத்தான். காரே அனுப்புறேன்."

"கவருமெண்டு காரு இந்த மணல்ல வரும்னு நான் நம்ப மாட்டேன்."

"கட்டாயம் வரும்!" கையசைத்தபடியே பிரின்சி ஜீப்பில் ஏறினாள்.

புழுதி அடங்கி, ஜீப் கண்ணுக்கு மறைகிறவரை இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே நின்றார்கள்.

"கும்புட்டுக் கேட்டப்பல்லாம் காதுல வுழல. சண்டைன்னதும் எப்பிடி ஓடியாந்துச்சு பாத்தியா?" என்ற வரதன், படகுக்குள் ஒளித்து வைத்திருந்த தன் பறியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு, பெண்டாட்டி ராஜம்மாவின் பின்னாலேயே ஏரியில் இறங்கினார்.