ஒன்பதாம் நாள் சிரித்தாள்

இரண்டு கிலோ நூறு கிராம். தராசில் கிடந்த மகள் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்றார் பெரிய சிஸ்டர். குறைமாதக் குழந்தைகள் வார்டில் அவர் வைத்ததுதான் சட்டம். டாக்டர்களே அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள்.

ஐம்பத்தாறு நாள். வந்தபோது மகள் ஒரு கிலோகூட இல்லை.

அப்போது என் மனைவி பேச்சையே நிறுத்தியிருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். சோறு தண்ணீர் கிடையாது. குழந்தை பிழைத்தாலும் இவள் தேறுவாளா என்பதுதான் என் கவலை. நானாவது தெம்பாக இருக்கிறேனே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பெரிய சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றைக் கையில் திணித்தார்.

"குழந்தையைப் பாத்துக்க இத்தனை மெஷின் இருக்கு தம்பி. அவளைப் பாத்துக்க நீதான் இருக்கே. சாப்பிட்டாளா, தூங்கினாளா, சிரிச்சாளான்னு தினம் எழுது. அவகிட்ட மூச்சு விடாதே."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதுவரை அந்த வார்டில் எனக்கு இருந்த ஒரே வேலை, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கை கழுவுவது.

எழுத வேண்டுமென்றால் அவள் சாப்பிட வேண்டுமே. டிபன் பாக்ஸும் கையுமாகப் பின்னாலேயே அலைந்தேன். பிடிவாதக்காரி. நான் ஒரு வாய் வைத்தால்தான் தானும் ஒரு வாய் வைப்பாள். அவளுக்காக நானும் கொட்டிக்கொண்டேன்.

தூக்கமும் அதே கதைதான். மதியத்தில் வராந்தா பெஞ்சில் நான் கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விடுவதுபோல நடித்தால், பக்கத்தில் வந்து சாய்வாள். நடித்து நடித்து நான் நிஜமாகவே தூங்கிப்போவேன்.

சிரிப்புதான் இழுத்தடித்தது. ஒன்பதாம் நாள், கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிவரும் பல் டாக்டர் ஜோக்கை எடுத்துவிட்டேன். சிரித்தாள். ஓடிப்போய் எழுதினேன்: 'சிரித்தாள். நல்ல ஜோக்குக்கு வயதே ஆகாது.' பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஒரு பாட்டம் அழுதேன். சத்தம் வெளியே வரவில்லை.

அவளும் எந்நேரமும் ஏதோ ஒரு நோட்டில் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். பால் எவ்வளவு வந்தது என்று குறிக்கிறாளாம். வார்டில் எல்லா அம்மாக்களும் எழுதுவதுதான்.

இப்போது பெரிய சிஸ்டர் இரண்டு பேருடைய நோட்டுகளையும் வாங்கி மேஜைமேல் வைத்தார். என்னுடையதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இன்றைய பக்கம் காலியாக இருக்கிறதே என்று முறைத்தார்.

மனைவி அந்தப் பக்கம் திரும்பி மகளுக்குத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தாள். நான் அவசர அவசரமாக நோட்டை எடுத்துப் பிரித்தேன். அட்டை நீலம்தான். கையெழுத்து அவளுடையது.

'எட்டாம் நாள்: நான் சாப்பிட்டால்தான் சாப்பிடுகிறார். இப்படி ஒரு பிடிவாதம்.

ஒன்பதாம் நாள்: மறுபடியும் அந்தப் பல் டாக்டர் ஜோக். கடவுளே. பாவம் என்று சிரித்துவைத்தேன். அவர் முகத்தில் இப்போதுதான் சிரிப்பைப் பார்க்கிறேன். அப்புறம் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். வெளியே கேட்காது என்று நினைப்பு.'

பாலைப் பற்றி ஒரு வரி இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்ந்தபோது பெரிய சிஸ்டர் மேஜை டிராயரிலிருந்து இரண்டு புது நோட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டும் நீலம்.

"வெளியில புதுசா ஒரு அப்பா அம்மா உக்காந்திருக்காங்க. போறப்ப வரச் சொல்லிட்டுப் போ தம்பி. ரெண்டு பேரையும் தனித்தனியா."