தேய்மானம்

போலீஸ்காரர் உறையைப் பல் டாக்டரின் தட்டில் கவிழ்த்தார். ஒரே ஒரு கடைவாய்ப்பல் விழுந்தது.

தண்ணீர் வற்றிய கல்குவாரியில் அகப்பட்ட எலும்புக்கூட்டின் பல். பழுப்பேறிக் கிடந்தது. நடுவிலிருந்த பீங்கான் அடைப்பு மட்டும் நேற்று வைத்ததுபோல் மின்னியது.

காணாமல்போன புருஷனுக்கு அடையாளமென்று ஒன்பது வருடத்துக்கு முன் புகாரில் அவள் எழுதிக்கொடுத்தது அது ஒன்றைத்தான்.

இதே நாற்காலியில்தான் அவனுக்குப் பல் அடைத்தார்கள். அளவெடுத்து, கணினியில் வரைந்து, பீங்கான் கட்டியை இயந்திரத்தில் கடைந்து ஒட்டினார்கள். நாலாம் நாள் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை.

எவளையோ கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்றது ஊர். ஊர் வாயை எந்த டாக்டர் அடைக்க முடியும்? முதலில் சொன்னவனே அவன் கூடப்பிறந்த தம்பி. செத்திருப்பாரே ஒழிய விட்டுவிட்டுப் போயிருக்கமாட்டார் என்று அவள் ஒருத்திதான் ஒற்றைக்காலில் நின்றாள்.

டாக்டர் பல்லைப் படமெடுத்துக் கணினியில் பழைய அளவின்மேல் வைத்தார். அச்சாகப் பொருந்தியது.

"அவரோடதுதாம்மா."

அவள் அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள். கூட வந்திருந்த கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப சொல்லுங்க தம்பி. ஓடிப்போனவரா உங்க அண்ணன்?"

"மன்னிச்சிடுங்க அண்ணி. இந்த நாக்கை அறுத்துத்தான் போடணும்."

டாக்டர் இன்னும் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. அடைப்பின் மேற்புறத்தில் சிவப்பாக ஒரு சின்னத் திட்டு. அவர் முகத்தில் தன் கைவேலையைப் பார்க்கிற பெருமை.

"இந்தச் சிவப்பு தேஞ்ச இடம். குறைஞ்சது ஏழு வருஷமாவது நல்லா மென்னு சாப்பிட்டிருக்காரு. அதுக்கு இவ்வளவுதான் தேஞ்சிருக்கு, பாருங்க. ஒரு கீறல் இல்ல. என்னமா உழைச்சிருக்கு!"

கொழுந்தன் தலையைக் குனிந்து சட்டைப் பொத்தானைத் திருகினான்.

அந்தக் குவாரி அவள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம்.

போலீஸ்காரர் தாளை நீட்டினார். எலும்புகளை வாங்கிக்கொள்ள மனைவியின் கையெழுத்து வேண்டுமாம்.

அவள் பேனாவைத் திறந்தாள். மறுபடி மூடினாள்.

"எனக்கு முன்னாடி வேற யாராவது வந்து கேட்டாங்களா சார்?"