இன்னும் பதினோரு மணி நேரம்

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தேவயானி கையை நீட்டினாள்.

"போனக் குடுங்க சித்தப்பா. சைலண்ட்ல போட்டுடாதீங்க."

கலியன் சித்தப்பா பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர். பாவம், ஒரு சொம்புத் தண்ணீர் கேட்க வாயைத் திறப்பதற்குள் போன் கைமாறிவிட்டது.

அது பத்தாவது போன்.

ஹாலில், ஹால் என்ன ஹால், அந்த வீடே ஒற்றை அறைதான், பாயை விரித்துப் போன்களை வரிசையாகப் படுக்க வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் அவள் புருஷன் வேணுவின் சேனல். 'நெய்வேலி வேணு ரிப்பேர்'. மிக்ஸி, அயன் பாக்ஸ், டேபிள் ஃபேன். எந்த வீடியோவாக இருந்தாலும் அதே நீலச் சட்டையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பான்.

மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து குளிக்கக்கூட மாட்டான், ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்துவிடுவான். இரண்டாயிரம் பேர் சேர்ந்தாயிற்று. ஆனால் யூடியூப்காரன் காசு கொடுக்க வேண்டுமானால், ஒரு வருஷத்துக்குள் ஜனங்கள் நாலாயிரம் மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். நேற்று வரைக்கும் 3,989.

பதினோரு மணி நேரம் என்ன பெரிசு என்று கேட்பீர்கள். பெரிசுதான். அது கூடிக்கொண்டே போகிற கணக்கு இல்லை. வருஷம் திரும்பினால் பழையது ஒவ்வொரு நாளாக உதிர்ந்துகொண்டே வரும்.

போன வருஷம் இதே தேதியில் வேணுவின் கூட்டாளிகள் மெயின் பஜார் முக்கில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்தார்கள். பர்மனென்ட் ஆளாக இருந்தால் டிபார்ட்மென்ட் பேரைப் போட்டிருக்கலாம். கான்ட்ராக்ட்காரனுக்கு என்னத்தைப் போடுவது? யோசித்து யோசித்து 'யூடியூபர் வேணு' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். சிரித்த முகம், கீழே சேனல் பேர். அந்த வாரம் டவுன்ஷிப்பே உட்கார்ந்து பார்த்தது. நாலாயிரத்தில் பாதி அந்த ஒரு வாரத்தில் வந்ததுதான்.

நாளையிலிருந்து அது உதிர ஆரம்பித்துவிடும். முதல் நாளே அறுநூறு போகும். அப்புறம் எங்கே போய்ப் பிடிப்பது? இன்றைக்குத் தொட்டுவிட்டால் உடனே விண்ணப்பத்தைத் தட்டிவிடலாம். பிறகு உதிர்ந்தால் உதிர்ந்துவிட்டுப் போகட்டும்.

மாசம் இரண்டாயிரம் வந்தால் போதும். மகள் தமிழ்மொழியைப் பாலிடெக்னிக்கிலிருந்து நிறுத்த வேண்டாம். தேவயானி கேட்டது அவ்வளவுதான்.

லிங்க்கை அறுபது பேருக்கு அனுப்பினாள். அறுபது பேரும் பார்த்துவிட்டதாகக் கட்டை விரலைக் காட்டினார்கள். அத்தனையும் பொய். ஒரு மணி நேரம்கூட ஏறவில்லை. அவளே தன் போனில் நாலு நாள் விடாமல் ஓட்டினாள். ஒரே ஆள் திரும்பத் திரும்பப் பார்த்தால் எண்ண மாட்டானாம், கெட்டிக்காரப் பாவி. சத்தத்தை அடைத்துவிட்டு ஓட்டினாலும் எண்ண மாட்டானாம்.

படையலுக்குப் பெரியவர்கள் குறித்துக் கொடுத்த நாள் அடுத்த வாரம். இன்றைக்குத்தான் எல்லாரும் வந்தாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று மாற்றினாள். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

கடைசியாக வந்தவள் ராஜாம்பாள். வேணுவுக்கு அக்கா, குறிஞ்சிப்பாடியில் வாழ்க்கைப்பட்டவள். வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னைக்குப் போயி, இலை போடற எடத்துல என்னா கடைய விரிச்சிகினு இருக்குற?"

தேவயானி கையை மட்டும் நீட்டினாள். ராஜாம்பாள் பையிலிருந்து போனை எடுத்துப் பாயில் தொப்பென்று போட்டாள்.

பதினோரு போன். ஒரு மணி நேரம். ஒன்றுகூட நடுவில் நிற்கக் கூடாது.

ஓட ஆரம்பித்தது. பதினொன்றிலும் முன்னேபின்னே வேணுவின் குரல்.

"வணக்கங்க. மொதல்ல பிளக்க புடுங்கிடுங்க. அப்பறமா கை வெக்கலாம்."

புடுங்கிடுங்க, புடுங்கிடுங்க என்று அறை முழுக்க அவனே பேசினான். பலாப்பழ விலையைச் சொல்லிக்கொண்டிருந்த சித்தப்பா பாதியில் நிறுத்தினார். அடுப்பில் கரண்டிச் சத்தம் நின்றது. ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை.

இருபது நிமிஷம் தாங்கினார்கள். அப்புறம் ராஜாம்பாள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

"நிறுத்துடி அத! என்னால முடியல."

சொல்லிக்கொண்டே பாய்ந்து குனிந்தாள். தேவயானி அவளுக்கு முன்னால் பாயின் மேல் விழுந்து, போன்களை இரண்டு கையாலும் வளைத்துக்கொண்டாள்.

"உங்க கால்ல உழுறேன் அண்ணி. இன்னும் நாப்பது நிமிஷந்தான். இன்னைக்கு உட்டா போச்சி. இப்பவும் அவரத்தான் நம்பிகினு இருக்கோம்."

ராஜாம்பாள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். பிறகு முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தன் போனை எட்டிப் பார்த்தாள்.

"சார்ஜி எறங்கிகினு வருது பாரு. நாலுதான் இருக்குது. சார்ஜரு எடு."

சார்ஜர் இருந்தது. அந்த அறைக்குப் பிளக் பாயின்ட்தான் ஒன்றே ஒன்று. அதிலும் ஏற்கெனவே ஒரு ஒயர் செருகியிருந்தது.

ஏதோ ஒரு போனில் அடுத்த வீடியோ ஆரம்பித்தது. மொதல்ல பிளக்க புடுங்கிடுங்க.

தேவயானி எழுந்து சுவரருகே போனாள். ஃபிளெக்ஸில் 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குக் கீழே சிரித்த அதே முகம், இப்போது சட்டத்துக்குள், சாமந்தி மாலைக்கு நடுவே சிரித்தது. அதைச் சுற்றி மின்னிக்கொண்டிருந்த சீரியல் பல்பின் பிளக்கைப் பிடுங்கி, சார்ஜரைச் செருகினாள்.